கை வீங்குவது தலையெழுத்தா?

(கடம்பத்தூரில் பேசியதன் சுருக்கம்)



மார்பில் வரும் நோயைப்பற்றிப் பொதுமேடையில் பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அந்த வெட்கத்தினாலேயே கட்டியை மறைத்து வைத்து மாண்ட பெண்கள் கொஞ்சமா? ஆகையால் வெட்கத்தை விட்டே பேசுகிறோம். நாம் வைத்தியரல்ல; கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்லுகிறோம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு பிழைத்த பெண்ணுக்குச் சில மாதம் கழித்தோ, சில வருஷம் கழித்தோ அந்தப் பக்கத்துக் கை வீங்குவதுண்டு. வளையல் இறுகும், ரவிக்கைக் கை ஏறாது. உடனே ஒருவர் செய்வினை என்கிறார். மற்றொருவர் முன்ஜென்மப் பாவம் என்கிறார். மந்திரித்த கயிறும் வந்துவிடுகிறது.

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அப்படி வீங்குவதுதான் நிணநீர்க் கணு. சதையில் ஊறும் நீர் இக்கணுக்களின் வழியாகவே வடிந்து இரத்தத்தில் சேருகிறது. கைக்கு வடிகால் அக்குளில் இருக்கிறது. புற்று பரவியதென்று அங்கே கணுக்களை எடுத்தால் வடிகால் குறைகிறது. வடிகாலைத் தூர்த்தால் வயலில் தண்ணீர் நிற்காதா? யானைக்காலிலும் இதே சங்கதிதான். அங்கே வழியைக் கெடுப்பது கொசு கொண்டுவரும் புழு. இதில் செய்வினைக்கு இடமெங்கே?

யாருக்கு அபாயம் அதிகம்? பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2013ல் வெளியான கணக்கின்படி, அக்குள் கணுக்களைக் கூட்டமாக எடுத்தவர்களில் 100க்குச் சுமார் 20 பேருக்கு வீக்கம் வந்தது. புற்று முதலில் சேரும் சில கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் சுமார் 6 பேருக்குத்தான் வந்தது. அக்குளில் ‘கரண்டு வைத்தல்’ என்னும் கதிர் சிகிச்சை, உடற்பருமன், கையில் புண்பட்டுச் சீழ் பிடித்தல் ஆகியவையும் அபாயத்தைக் கூட்டும். முன்ஜென்மம் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

இறுகக் கட்டும் கயிறோ இருக்கிற வடிகாலையும் நெரிக்கிறது. சூடு போட்டால் புண்ணாகிக் கிருமி புகுகிறது. பாவத்தைப் போக்குவதாகச் சொல்லி நோயை வளர்ப்பதல்லவா இது!

“கையை அசைக்காதே” என்பதும் தப்பு. மேற்பார்வையில் சிறுகச் சிறுக எடை தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லையென்று 2009ல் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. வைத்தியர் காட்டும் பயிற்சி, அளவெடுத்த அழுத்த உறை, தோலைக் காத்தல் இவையே வழி. ஆரம்பத்திலேயே போனால் அடக்குவது எளிது. கை சிவந்து காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

1923ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விதியென்று உட்கார்ந்துவிடவில்லை. 1954ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். நம்மூரில் ரயிலேறினால் சென்னை எவ்வளவு தூரம்?

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அறுவைக்கு முன்பே, “எத்தனை கணுக்களை எடுப்பீர்கள்? கை வீங்குமா?” என்று வைத்தியரைக் கேளுங்கள், அந்தப் பெண்ணையும் கேட்க விடுங்கள். அவள் கை அவளுடையது. வீட்டிற்கு வந்த பிறகு தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். கயிறு கட்டுவதைவிட அது பெரிய உதவி.