உரிமைக்குக் காவல் எது?



மாந்தன் உரிமைகளைப் பற்பல நாட்டுச் சட்டங்களும் எழுதி வைத்துள்ளன. எழுதி வைத்தால் போதுமா? அரசே அவ்வுரிமையைப் பறிக்க முற்படுங்கால், குடிமகன் எந்தக் கதவைத் தட்டுவது? தட்டினால் திறக்குமா?

முதலில் பிரித்தானியாவைப் பாருங்கள். அங்கே நாடாளுமன்றமே மேலானது. 1998ஆம் ஆண்டின் மாந்த உரிமைச் சட்டப்படி, ஒரு சட்டம் உரிமைகளோடு முரண்படுகின்றது என உயர்மன்றங்கள் அறிவிக்கலாம். அதனை வீழ்த்த இயலாது. ஐயத்தின் பேரில் அயல்நாட்டாரை உசாவலின்றிக் காலவரம்பின்றிச் சிறையிட்ட சட்டத்தை, 2004இல் பெருமக்களவை நடுவர் ஒன்பதின்மருள் எண்மர் முரணானதென்று அறிவித்தனர். ஆயினும் சிறைக்கதவு அன்றே திறக்கவில்லை. மறு ஆண்டு நாடாளுமன்றம் வேறு சட்டம் இயற்றிய பின்னரே அச்சிறைமுறை நீங்கியது. அவ்விடத்தில் வேறு கட்டுப்பாடுகள் வந்தன.

செருமனியின் நிலை வேறு. இட்லரின் கொடுங்கோன்மையைக் கண்ட அந்நாட்டில், அரசியலமைப்பைக் காக்கவெனவே 1951இல் தனிமன்றம் அமைந்தது. பிற மன்றங்களில் முறையிட்டும் தீர்வு காணாத எளிய குடிமகனும் அங்குச் செல்லலாம். அது சட்டத்தையே செல்லாததாக்கும். கடத்தப்பட்ட வானூர்தியை, உள்ளிருப்போர் குற்றமற்றவராயினும், சுட்டு வீழ்த்த இசைவளித்த சட்டப் பிரிவை 2006இல் அது நீக்கியது. பிறரைக் காக்கும் பொருட்டும் மாந்தரை வெறும் பொருளாக நடத்தலாகாது என்பதே அதன் முடிவு.

இந்தியாவிலோ, 32ஆம் பிரிவு உச்ச முறைமன்றத்தை நேரே அணுகும் உரிமை தருகின்றது. சட்டத்தை வீழ்த்தும் ஆற்றலும் அம்மன்றத்துக்கு உண்டு. இருந்தும் நேர்ந்தது என்ன? நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்பிரல் 28இல், சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு முறையீடே செய்யவியலாது என்று நடுவர் ஐவருள் நால்வர் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மறுத்து நின்றார். அடுத்த ஆண்டில், அவருக்கு வரவேண்டிய தலைமை நடுவர் பொறுப்பு அவருக்கு இளையவரிடம் சென்றது, அவர் விலகினார். உயிருக்கும் விடுதலைக்குமான முறையீட்டை நெருக்கடி நிலையிலும் தடுக்கவியலாதவாறு 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் வழி செய்தது. அத்தீர்ப்பைத் தவறென்று உச்ச முறைமன்றமே தள்ளியது 2017இல். இடையில் கழிந்தவை நாற்பத்தோர் ஆண்டுகள்!

பிரித்தானிய மன்றத்துக்கு ஆற்றல் குறைவு, துணிவு இருந்தது. இந்திய மன்றத்துக்கு ஆற்றல் இருந்தது. அன்று துணிவு இல்லை. ஆற்றலைச் சட்டம் தரும். துணிவை நடுவரின் நெஞ்சமே தரவேண்டும். அந்நெஞ்சத்துக்கு அரண் விழிப்புள்ள மக்களே! உரிமையைக் காக்க மன்றம் உண்டென்று உறங்கிவிடாதீர்கள். கன்னாவைப் போல் ஒருவர் தனித்து நிற்கும் நாளில், அவர் பக்கம் நிற்க நாம் இருக்கின்றோமா என்று கேளுங்கள்!