காட்பாடியில் இறங்கும் விருந்தாளிக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலூரில் நடக்கும் மருத்துவ மாநாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பயணக் குறிப்புகள்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. டாக்டர்கள் பேச வேண்டிய விஷயத்தில் இன்ஜினீயருக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெளிநாட்டு விருந்தாளியை அழைத்து வருவதும், பத்திரமாகத் திருப்பி அனுப்புவதும் உத்தியோகத்தில் ஒரு பாகம். ஜெர்மனியிலிருந்து மெஷின் மாட்ட வருகிறவரும், லண்டனிலிருந்து கட்டுரை வாசிக்க வருகிற டாக்டரும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் துணிச்சலில் பேச வந்திருக்கிறேன்.

முதலில், ஏன் நம் ஊருக்கு வருகிறார்கள்? 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மறுபடி வேலை செய்ய வைக்க முடியும் என்று 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் இங்கேதான் காட்டினார். 1986-இல் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது இந்தியாவில் முதன்முதலாகத் தெரிய வந்ததும் வேலூர் ஆய்வுக்கூடத்தில்தான். இப்படிப்பட்ட ஊரில் மாநாடு நடந்தால் உலகமே வரத்தான் செய்யும்.

வருகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும்? எங்கள் தொழிலில் ஒரு அனுபவம் உண்டு. வரைபடத்தில் ஒரே ஒரு அளவு விட்டுப்போனால் போதும், பட்டறையில் வேலை நின்றுவிடும். வரைந்தவருக்கு அந்த அளவு மனப்பாடம். அதனால்தான் எழுத மறந்தார். பயணக் குறிப்பும் அப்படித்தான். உள்ளூர்க்காரனுக்கு எது ரொம்பச் சாதாரணமோ, அதுதான் குறிப்பில் விட்டுப்போகும். உதாரணமாகச் சில சொல்கிறேன்.

ஒன்று, விசா. சுற்றுலா விசாவில் வந்து மாநாட்டில் உட்காரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மாநாட்டுக்கென்று தனி விசா இருக்கிறது. அதற்கு அழைப்புக் கடிதம் வேண்டும்; மாநாடு நடத்துகிறவர்கள் மத்திய அரசின் அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே கடிதத்தைக் கடைசி வாரத்தில் அனுப்பிப் பிரயோஜனமில்லை, மாதக்கணக்கில் முன்பே அனுப்ப வேண்டும். விசா விண்ணப்பத்துக்கு இந்திய அரசின் இணையதளம் ஒன்றுதான். அதைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பறிக்கிற போலித் தளங்களும் உண்டு. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா கண்டங்களில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்கள், புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது தடுப்பூசி போட்டுச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், வந்தவர் டாக்டரே ஆனாலும் தனிமைப்படுத்தித்தான் வைப்பார்கள்.

இரண்டு, ரயில். வேலூர் வருகிறவர் டிக்கெட் எடுக்க வேண்டியது காட்பாடி ஜங்ஷனுக்கு! நமக்கு இது சிரிப்பு; சிட்னியில் உட்கார்ந்து ரயில் தேடுகிறவருக்கு இது புதிர். வேலூர் கண்டோன்மென்ட் என்ற பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தால், அது விழுப்புரம் பாதையில் இருக்கிறது. சென்னை–பெங்களூரு விரைவு ரயில்கள் அங்கே வராது. சென்ட்ரலிலிருந்து காட்பாடி சுமார் 130 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சென்னை விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு விமானங்கள் நிறைய நள்ளிரவுக்கு மேல்தான் இறங்கும். அப்போது மெட்ரோ ஓடாது. அந்த நேரத்தில் வருகிறவருக்குக் கார் அனுப்புவதுதான் முறை. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை வழியாக மூன்று மணி நேரம் ஆகும். பெங்களூரு வழியாக வருகிறவர் அங்கேயும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கலாம்.

மூன்று, எந்த "மெடிக்கல்"? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆட்டோக்காரரிடம் "மெடிக்கல் காலேஜ்" என்றால் அவர் எங்கே கொண்டுபோவார்? சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவில், ஐடா ஸ்கடர் ரோட்டில் இருக்கிறது. கல்லூரி வளாகமும் ஸ்கடர் அரங்கமும் பாகாயத்தில், ஊரின் தெற்குக் கோடியில். 2022-இல் திறந்த புதிய வளாகம் ராணிப்பேட்டைப் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்தில். அரசு மருத்துவக் கல்லூரி அடுக்கம்பாறையில். தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கரிகிரியில். ஆக ஐந்து இடம்! அழைப்பிதழில் "வேலூர்" என்று மட்டும் போட்டால் விருந்தாளி திண்டாடுவார். அரங்கத்தின் பெயர், வளாகத்தின் பெயர் இரண்டையும் ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்திலேயே தமிழிலும் போட வேண்டும். தமிழ் அவருக்குப் படிக்கத் தெரியாதே என்பீர்கள். அவருக்கல்ல, அவர் அதைக் காட்டப்போகிற ஆட்டோக்காரருக்கு.

நான்கு, கரண்ட். இது என் துறை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் உருண்டைக் கால் உள்ளது. லேப்டாப், செல்போன் சார்ஜரின் முதுகில் 100–240 என்று அச்சடித்திருந்தால் கவலையே இல்லை, அடாப்டர் போதும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவருகிற 120 வோல்ட் முடி உலர்த்தியை அடாப்டரில் மாட்டினால்? வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்புறம் லாட்ஜ் அறையில் புகைதான்.

ஐந்து, பணமும் தங்குமிடமும். முன்பு ஒருமுறை வந்தவர்கள் மிச்ச நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரில் செல்லாமல் போய்விட்டன. 2000 ரூபாய் நோட்டும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. கடை கடையாகச் செல்போனில் பணம் கட்டுகிற காலம் இது என்றாலும், வெளிநாட்டு அட்டை சின்னக் கடையில் வேலை செய்யும் என்று நம்பக்கூடாது. கொஞ்சம் சில்லறை கையில் வேண்டும். எல்லா லாட்ஜிலும் வெளிநாட்டவருக்கு அறை தரமாட்டார்கள். ஏனென்றால் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நம் வீட்டில் தங்கவைத்தாலும் இதே விதிதான். இதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு, வெயிலும் சாப்பாடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உத்தமம். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் கோட்டு, டை என்று அழைப்பிதழில் போடுவது பாவம். சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர், முதல் நாள் சூடான இட்லி, இவை போதும். சீரகச் சம்பா அரிசியில் செய்த ஆம்பூர் பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் மூன்றாவது நாளுக்கு இருக்கட்டும்!

ஏழு, ஊர் பார்ப்பது. கோட்டையும் அகழியும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் என்பதைச் சொல்லிக் காட்டினால் பார்க்கிறவருக்கு அர்த்தம் புரியும். இலங்கை டாக்டர்கள் வந்தால் பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்துக்குக் கூட்டிப்போங்கள். கண்டியின் கடைசி அரசரின் சமாதி அங்கே இருக்கிறது. ஆம்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 2019 முதல் அது திருப்பத்தூர் மாவட்டம். டேனரி பார்க்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே கம்பெனியின் அனுமதி வாங்க வேண்டும். தரை ஈரமாக இருக்கும், மூடிய ஷூ அவசியம். பாலாறு ஏன் இப்படி இருக்கிறது என்றும் அவர்கள் கேட்பார்கள். மழுப்பக்கூடாது. டேனரிக் கழிவுநீர் வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக வெளிநாடுகளிலும் பேசப்படுவது. வருகிற டாக்டர்களில் சிலருக்கு அது நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

நண்பர்களே, கொடுத்த தலைப்பு இதோடு முடிகிறது. ஆனால் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மாநாட்டுக்கு வருகிற டாக்டருக்குக் காட்பாடியில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்து ஒருவர் நிற்பார். அதே பிளாட்பாரத்தில் ஹௌரா ரயிலிலிருந்து இன்னொரு கூட்டம் இறங்குகிறது. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, எல்லைக்கு அப்பாலிருந்து பங்களாதேஷ். அப்பாவைத் தாங்கிப் பிடித்தபடி மகன். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி மனைவி. அவர்களும் வேலூருக்கு வந்த விருந்தாளிகள்தானே? மாநாட்டு டாக்டர் நான்கு நாளில் போய்விடுவார். இவர்கள் வாரக்கணக்கில் இருப்பார்கள். அவருக்கு வழி தப்பினால் ஒரு கூட்டம் தவறும். இவர்களுக்கு வழி தப்பினால் டாக்டரைப் பார்க்கக் கிடைத்த நாளே தவறும். இவர்களுக்கும் அதே கேள்விகள்தான்: எந்த வளாகம்? ஆட்டோவுக்கு எவ்வளவு? எங்கே தங்குவது? "நானே டாக்டரிடம் நாள் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவனை நம்பலாமா? டாக்டருக்கு வழவழ காகிதத்தில் கையேடு கிடைக்கிறது. இவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வதுதான் கையேடு.

ஆகையால் ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஒரே ஒரு தாள் போடட்டும். ஒரு பக்கம் வங்காளமும் இந்தியும், மறுபக்கம் ஆங்கிலமும் தமிழும். ஐந்து இடங்களின் பெயர், காட்பாடியிலிருந்து எந்த டவுன் பஸ், நியாயமான ஆட்டோ வாடகை, 108 ஆம்புலன்ஸ், இடைத்தரகர் பற்றி ஒரு வரி எச்சரிக்கை. எந்த லாட்ஜுக்கும் விளம்பரம் வேண்டாம். விளம்பரம் புகுந்தால் நம்பிக்கை போய்விடும். தாளின் தலைப்பில் தேதி கட்டாயம். எங்கள் வரைபடங்களில் திருத்த எண் போடுவோம். பழைய திருத்தத்தை வைத்து யாரும் வேலை செய்யக்கூடாது என்பதற்காக. இதற்கும் அப்படியே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாணவர்கள் இரண்டு பேர் காட்பாடிக்குப் போய், பஸ்ஸில் ஏறி, ஆட்டோ நிலையத்தில் விசாரித்து, மாறியதைத் திருத்தட்டும். அச்சுச் செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வங்காளம் தெரிந்தவர் வேலூரில் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காந்தி ரோட்டுக் கடைப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும்!

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது, தாளுக்குப் பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் சங்கச் செயலாளரைப் பாருங்கள். இரண்டு பேர் வந்தாலே ஆரம்பித்துவிடலாம்.