துப்புக்கூலியும் துப்பாக்கி விளையாட்டும்



மதுரை கோச்சடையில், மேலக்கால் சாலையை ஒட்டிய தெரு எதிலாவது பொழுது சாய்ந்த பிறகு நடந்து பாருங்கள். நாலு பையன்கள் வாசற்படியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு செல்போனில், ஒரே யுத்தத்தை நடத்திக்கொண்டிருப்பார்கள். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை மிஞ்சும் அணி ஜெயிக்கிற பிஜிஎம்ஐ விளையாட்டு. "டேய், சிவப்பு வீட்டு மாடில ரெண்டு பேருடா" என்பான் ஒருவன். இன்னொருவன் சுட்டு இரண்டு பேரையும் சாய்ப்பான். மூன்றாமவன் பின்பக்கப் படிக்கட்டை விட்டு நகராமல் காத்திருப்பான். அவன் இருந்ததால்தான் அந்த வழியாக யாரும் ஏறி வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் சுட்டவன் கணக்கில் இரண்டு. பார்த்துச் சொன்னவனை யாரும் கண்டுகொள்வதில்லை. படிக்கட்டில் நின்றவனுக்குக் கிடைப்பது, ஒரே இடத்தில் பதுங்கிக் கிடப்பவன் என்ற வசைதான்: "போடா, கேம்பர்!"

நாலு பேர் அணியில் இது சின்ன மனத்தாங்கலோடு போய்விடும். நூற்றுக்கணக்கானோர் ஒரே களத்தில் மோதும் ஆட்டங்களில் இதுவே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். 2012 நவம்பரில் வந்த 'பிளானட்சைடு 2' அப்படிப்பட்ட ஆட்டம். மூன்று படைகள், ஒரு கிரகம், ஓயாத சண்டை. 2015 ஜனவரியில் இதன் ஒரே போரில் 1,158 பேர் சேர்ந்து விளையாடி கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

இந்த மாதிரி ஆட்டத்தில் எதிரியின் தளத்தைப் பிடித்தால் புள்ளி. பிடித்த தளத்துக்குக் காவல் நின்றால்? எதிரி வந்தால்தான் வேலை. எப்போது, எங்கே அடிப்பது என்பதை அடிக்க வருகிறவன் முடிவு செய்கிறான். காப்பவன் காத்துக் கிடக்கிறான். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாட உட்கார்ந்தவன், திரையில் ஒரு வெற்றுச் சுவரையா பார்த்துக்கொண்டிருப்பான்? அவனும் கும்பலோடு ஓடுவான். எல்லோரும் அப்படி ஓடினால், இரண்டு பெரிய கும்பல்கள் ஒன்றையொன்று சந்திக்காமலே ஆளில்லாத தளங்களைப் பிடித்துக்கொண்டு போகும். போர் என்று பெயர். எதிரில் ஆளே இல்லை. பிளானட்சைடு 2-இல் இது பெரிய குறையாகி, 2013-இல் தளங்களைக் கோடுகளால் இணைத்து, அந்தக் கோட்டின் வழியாகத்தான் முன்னேறலாம் என்று விதியையே மாற்றினார்கள். எதிரி எந்த வழியாக வருவான் என்று தெரிந்தால்தானே காவல் நிற்க முடியும்!

"சரி, காவலுக்கும் வேவுக்கும் தனிப் புள்ளி கொடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்தச் சிக்கலை மதுரைச் சீமை கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பார்த்திருக்கிறது.

அந்தக் காலத்தில் இங்கே ஊர்க்காவல் முறை இருந்தது. காவல்காரருக்கு ஊரார் தானியமாகவும் பணமாகவும் கூலி கொடுப்பார்கள். பதிலுக்கு, களவு போனால் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். சும்மா நின்றதற்குக் கூலி இல்லை. பொருள் பத்திரமாக இருந்ததற்குத்தான் கூலி. ஆனால் நாளடைவில் இது திரும்பிக்கொண்டது. கூலி தர மறுத்த ஊரிலேதான் மாடு காணாமல் போகும், வீடு தீப்பிடிக்கும் என்ற நிலை வந்தது.

துப்புக்கூலி கதை இன்னும் சுவையானது. மாட்டைப் பறிகொடுத்தவர், அது இருக்கும் இடத்தைச் சொல்பவருக்குக் கொடுக்கும் பணம் அது. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இதை விவரித்திருக்கிறார். துப்புச் சொல்ல வருகிறவர் பல நேரம் திருடியவருக்கு வேண்டியவராகவே இருப்பார். பணம் கைமாறியதும், சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். மாட்டை விற்பதைவிடத் துப்பை விற்பது சுலபம் என்றால், துப்பு விற்பதற்காகவே மாடு களவு போகும்.

இதே கதை இணைய ஆட்டங்களில் அச்சு அசலாக நடந்திருக்கிறது. 2008-இல் வந்த 'வார்ஹேமர் ஆன்லைன்' துப்பாக்கி ஆட்டம் அல்ல. ஆனாலும் கோட்டைகளுக்கான போர் அதில் இருந்தது. கோட்டையைப் பிடித்தால் பரிசு என்றதும் இரு தரப்பாரும் சண்டையைத் தவிர்த்து, கோட்டைகளை மாறி மாறிப் பிடித்துப் பரிசு சேர்த்தார்கள். காவலுக்கு நிமிடக் கணக்கில் புள்ளி கொடுத்தால், ஆளைத் தளத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இழந்த தளத்தை மீட்டால் புள்ளி என்றால், மீட்பதற்காகவே இழப்பார்கள்.

அப்படியானால் எப்படித்தான் கொடுப்பது?

காவலுக்கு வழி காட்ட நம் கபடியே போதும். ஏழு பேர் களத்தில் நிற்கும்போது ரைடு வந்தவனை மடக்கினால் ஒரு புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது மடக்கினால், புரோ கபடியில் அதற்கு சூப்பர் டேக்கிள் என்று பெயர். ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. ஆள் குறைந்த அணி, பயந்து ஒதுங்காமல், பாய்ந்து காலைப் பிடிப்பது அந்த இன்னொரு புள்ளிக்காகத்தான். துப்பாக்கி ஆட்டத்திலும் தளத்தில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் வந்து மோதினார்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். பத்துப் பேர் நாற்பது பேரைத் தடுத்தால் கொழுத்த பரிசு. நாற்பது பேர் சேர்ந்து பத்துப் பேரைத் தடுத்தால் பேருக்கு ஏதோ கொஞ்சம். யாரும் வராவிட்டால் ஒன்றுமில்லை. கூடவே, அந்தத் தளம் எவ்வளவு காலமாகக் கையில் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால், இப்போது பிடித்து இப்போதே விடுகிற பண்டமாற்றுக்கு இலாபம் இருக்காது.

வேவுக்கு நல்ல வழி 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' காட்டியது. 2010-இல் ரஷ்யாவில் வெளியான ஆட்டம். இதில் இலகு ரக டாங்கி ஒன்று புதர் மறைவில் அசையாமல் நிற்கும். சுடாது, சுட்டால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும். நானூறு மீட்டருக்கு அப்பால் வரும் எதிரியை அது பார்த்ததும், அணியில் மற்றவர்கள் திரையிலும் அந்த எதிரி தெரிவான். பின்னால் நிற்கும் பீரங்கிகள் முழங்கும். அவை ஏற்படுத்திய சேதத்தில் ஒரு பங்கு, பார்த்துச் சொன்ன டாங்கியின் கணக்கில் ஏறும். சுட்டவனே எதிரியைத் தன் கண்ணால் பார்த்திருந்தால் அந்தப் பங்கு கிடையாது. ஒரு குண்டுகூடச் சுடாதவன் அணியில் முதலிடம் வாங்குவது அந்த ஆட்டத்தில் நடக்கிற காரியம்.

இதில் துப்புக்கூலியின் கள்ளத்தனம் சுலபத்தில் நுழைய முடியாததைக் கவனியுங்கள். துப்புச் சொன்னதற்கு மட்டும் கூலி இல்லை. அந்தத் துப்பால் எதிரிக்கு அடி விழுந்திருக்க வேண்டும். எதிரியோடு கூட்டுச் சேர்ந்து ஏமாற்றலாம் என்றால் எதிரி தன் டாங்கியை இழக்க வேண்டும். அந்த ஆட்டம் முடியும்வரை அது களத்துக்குத் திரும்பி வராது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுவது காத்திருக்கும் அலுப்பு. அதற்குப் புள்ளி மருந்தல்ல, வேலைதான் மருந்து. சுவரைப் பழுது பார்க்க, கண்ணிவெடி பதிக்க, தானியங்கித் துப்பாக்கி நிறுத்த, புதிதாகக் காவல் மேடை கட்ட இடம் கொடுத்தால், எதிரி வராத நேரமும் விளையாட்டு நேரமாகிவிடும். பிளானட்சைடு 2-இல் 2016 முதல், வீரர்களே தாதுவைத் தோண்டி வந்து தங்கள் தளத்தைக் கட்டிக்கொள்ள வழி செய்தார்கள். தன் கையால் கட்டிய மதிலை விட்டுவிட்டு யாரும் அவ்வளவு சீக்கிரம் ஓடமாட்டார்கள்.

மரியாதை என்று ஒன்றும் உண்டு. தொல்காப்பியம் மதிலை வளைப்பதையும் மதிலைக் காப்பதையும் உழிஞை என்ற ஒரே திணையில் வைத்தது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் காப்பதைப் பிரித்து நொச்சி என்று தனித் திணையாக்கினார். முற்றுகையிட்டவனுக்கு உழிஞைப் பூ, மதிலைக் காத்தவனுக்கு நொச்சிப் பூ. ஆட்டம் முடிந்து வருகிற பட்டியலுக்கும் அதுவே தேவை. எத்தனை பேரைச் சாய்த்தான் என்ற ஒரே வரிசையில் எல்லோரையும் நிறுத்தினால் காவல்காரன் கடைசியில்தான் நிற்பான். அவனுக்கு வேறு வரிசை வேண்டும், அதுவும் அதே திரையில், அதே அளவு எழுத்தில்.

மதுரைக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஆட்டங்கள் உருவாக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பரிசையும் விதியாக எழுதுவதற்கு முன்னால், நல்ல வீரன் இதை எப்படிச் சம்பாதிப்பான் என்று ஒருமுறை யோசியுங்கள். திருடன் எப்படிச் சம்பாதிப்பான் என்று இரண்டு முறை யோசியுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே வழிதான் என்றால் அந்த விதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.