வாய்மொழியை எழுத்தாக்குங்கள்

(புதிதாகப் பணியேற்ற ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'பணியிட உறவுகள்'. அதில் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நமக்கு மேலே இருப்பவர் நம்மைத் தொடர்ந்து அவமதித்தால், மிரட்டினால் நாம் என்ன செய்வது? ஆசிரியர் அறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் விஷயம் இது. இங்கே கொஞ்சம் உரக்கப் பேசுவோம்.

முதலில், கண்டிப்பான தலைமையாசிரியர் வேறு, கொடுமைப்படுத்தும் தலைமையாசிரியர் வேறு. கண்டிப்பானவர் வைக்கும் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். தாமதமாக வந்தால் யாராக இருந்தாலும் கேட்பார். அறைக்கு அழைத்துக் கேட்பார். வேலையைப் பற்றிக் கேட்பார். கொடுமைப்படுத்துபவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். மாணவர்கள் முன்னால் கேட்பார். வேலையை விட்டுவிட்டு ஆளைப் பற்றி, உடையைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, படித்த கல்லூரியைப் பற்றிப் பேசுவார். நேற்று சொன்ன விதி இன்று மாறியிருக்கும். பாடக்குறிப்பு எழுதவில்லை என்று ஒரு நாள் கடிந்துகொண்டதற்காக ஒருவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. அது நமக்கும் நல்லதல்ல.

சுவீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் 1980களில் இதை ஆராய்ந்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாத காலமாவது தொடர்ந்து ஒருவர் குறிவைக்கப்படுவதை அவர் அளவுகோலாக வைத்தார். இதற்கு அவர் வைத்த பெயர் 'மாபிங்'. இதில் நம்மைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சொல்லை அவர் தொழிற்சாலையிலிருந்து எடுக்கவில்லை. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கூடி ஒரு பிள்ளையைத் துன்புறுத்துவதைச் சொல்லப் பீட்டர் பால் ஹைன்மன் என்ற மருத்துவர் பயன்படுத்திய சொல் அது. பிள்ளைகளிடம் நாம் பார்த்துப் பார்த்துத் தடுக்கும் அதே செயல்தான் பெரியவர்களிடமும் நடக்கிறது. 1993இல் சுவீடன் இதற்கென்று விதியே கொண்டுவந்தது. தடுக்க வேண்டிய பொறுப்பை அது வேலை கொடுப்பவர் மீது வைத்தது.

நம் நாட்டில் பணியிடக் கொடுமை முழுவதற்கும் பொதுவான தனிச் சட்டம் இல்லை. ஆனால் நம் கையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அரசுப் பணி என்பது எழுத்தால் நடக்கும் பணி. நியமன ஆணை எழுத்து, பணிப்பதிவேடு எழுத்து, விடுப்பு எழுத்து, தண்டனையும் எழுத்து. கொடுமை மட்டும் வாய்மொழியில் நடக்கிறது. சாட்சி இல்லாத இடத்தில், தேதி இல்லாமல் நடக்கிறது. அதனால்தான் அது நீடிக்கிறது. ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வாய்மொழியில் நடப்பதை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு நோட்டு போடுங்கள். அதை வீட்டில் வையுங்கள், பள்ளியில் வேண்டாம். நடந்த தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள். இவ்வளவு போதும். 'மிகவும் கேவலமாகப் பேசினார்' என்று எழுதாதீர்கள். என்ன பேசினார் என்பதை அப்படியே எழுதுங்கள். அன்றிரவே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதற்கு அந்த மதிப்பு இருக்காது. இன்னொரு பயனும் உண்டு. சில வாரம் கழித்துப் படிக்கும்போது இது உண்மையிலேயே தொடர் கொடுமையா, அல்லது நமக்கு மனம் சோர்ந்திருந்த ஒரு வாரமா என்பது நமக்கே தெரிந்துவிடும்.

இரண்டு, வாய்மொழி உத்தரவைக் கடிதமாக்குங்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஊரையும் பள்ளியையும் சொல்லத் தேவையில்லை. அங்கிருந்த தலைமையாசிரியர் காலையில் என்னை அழைத்து, 'வகுப்பை விட்டுவிட்டு அலுவலகத்தில் வந்து பட்டியல் எழுதுங்கள்' என்பார். மதியம், 'வகுப்பில் ஆசிரியர் இல்லை' என்று பிள்ளைகள் காதில் விழும்படி சத்தம் போடுவார். இது பல முறை நடந்தது. மூத்த ஆசிரியை ஒருவர் ஒரு யோசனை சொன்னார். அடுத்த முறை அழைப்பு வந்ததும் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். 'இன்று காலை தாங்கள் வாய்மொழியாகப் பணித்தபடி 2, 3ஆம் பாடவேளைகளில் அலுவலகப் பணிக்கு வருகிறேன். அந்நேரத்தில் எட்டாம் வகுப்பைக் கவனிக்க மாற்று ஏற்பாடு செய்து உதவ வேண்டுகிறேன்.' அவ்வளவுதான். அதில் புகார் இல்லை, கோபம் இல்லை. நகலில் அலுவலக உதவியாளரிடம் ஒப்புகை வாங்கிக்கொண்டேன். இப்படி மூன்று கடிதங்கள் போனபின் அந்தக் கூப்பிடுதல் நின்றது. அவர் குணம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். என்னிடம் பேசும்போது வார்த்தையை அளந்து பேசினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்று, குறிப்பாணை வந்தால் பதறாதீர்கள். அதைப் பெற்றுக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. வாங்க மறுப்பதுதான் நமக்கு எதிராகத் திரும்பும். தேதியிட்டுக் கையொப்பமிட்டு வாங்குங்கள். கொடுத்த கெடுவுக்குள் பதில் கொடுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அதில் அவர்மீது பதில் குற்றச்சாட்டு வைக்காதீர்கள். அது தனி மனு. விதி 17(அ), 17(ஆ) என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் வரும் அந்த இரண்டு பிரிவுகளிலும் நம் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். பெரிய தண்டனைக்கான 17(ஆ)வில் குற்றச்சாட்டுகளை எழுத்தில் தர வேண்டும், விசாரணைக்கும் வாய்ப்பளிக்க வேண்டும். மேல்முறையீடும் உண்டு. ஒருவர் நினைத்த மாத்திரத்தில் நம் வேலை போய்விடாது.

நான்கு, அந்த நொடியில் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மாணவர்கள் முன்னால் சத்தம் போட்டால், 'சார், பிள்ளைகள் இருக்கிறார்கள். இடைவேளையில் உங்கள் அறைக்கு வருகிறேன்' என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். இடைவேளையில் கட்டாயம் போங்கள். முடிந்தால் இன்னொரு ஆசிரியரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் சண்டைக்கு நிற்காதீர்கள். இரவு பத்து மணிக்குக் கோபத்தில் போடும் ஒரு வரி மறுநாள் நமக்கு எதிரான ஆவணமாகிவிடும். 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நம்மையும் கட்டுப்படுத்துகின்றன.

ஐந்து, மேலே போக வேண்டிய நேரம் வந்தால் முறையாகப் போங்கள். தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதிவாரியாக நிகழ்வுகள், இணைப்பாக நகல்கள், கடைசியில் நீங்கள் கேட்கும் தீர்வு. 'அவரைத் தண்டியுங்கள்' என்பதைவிட 'மாணவர் முன்னிலையில் அவமதிப்பதைத் தவிர்க்க அறிவுறுத்துங்கள்' என்ற கோரிக்கை எளிதில் நிறைவேறும். பதில் வராவிட்டால், மனுவின் நிலை என்ன என்று 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

சில கொடுமைகளுக்குத் தனிச் சட்டமே உண்டு. பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான பள்ளிகளுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் தரலாம். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பலர் பார்க்கச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாற்றுத்திறனாளியைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமதித்தால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இவற்றை 'உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது அழுத்தினால் இணங்க வேண்டியதில்லை.

ஆறாவதாக, உடம்பையும் மனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை வந்தாலே வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் வரவில்லை, வீட்டில் பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறோம் என்றால் அது பலவீனம் அல்ல. உடம்பு விடும் எச்சரிக்கை அது. வீட்டில் ஒருவரிடமாவது முழுவதையும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போவதும் ஒரு நல்ல முடிவுதான். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

பார்த்துக்கொண்டிருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்த்துப் பேசும் துணிவு எல்லாருக்கும் வராது. பரவாயில்லை. ஆனால் அவமானப்பட்டு வகுப்புக்குத் திரும்பும் ஒருவரிடம், 'நான் பார்த்தேன், அது சரியில்லை' என்று சொல்ல எல்லாராலும் முடியும். தனியாக இல்லை என்று தெரிந்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? பள்ளியில் பயம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தலைமையாசிரியர் அறையில் திட்டு வாங்கிய ஆசிரியர் நேரே போய் நிற்பது நாற்பது பிள்ளைகள் முன்னால். அங்கே கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். மேலிருந்து உருண்டு வந்த பயம் அந்தப் பிள்ளையின் தலையில் இறங்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு மேலே போய்ச் சொல்ல வழி இல்லை. நமக்கு மனு எழுதத் தெரியும், அதற்குத் தெரியாது. ஆகவே அந்த உருளலை நம்மோடு நிறுத்த வேண்டும். அதற்கான வலுவை நமக்குத் தருவதுதான் அந்த நோட்டும், அந்த நான்கு வரிக் கடிதமும்.

உங்களில் பலர் ஒரு நாள் தலைமையாசிரியர் ஆவீர்கள். திருக்குறளில் கொடுங்கோன்மை என்ற அதிகாரம் இருக்கிறது. அது போதாது என்று, அடுத்ததாகவே 'வெருவந்த செய்யாமை' என்று 57ஆம் அதிகாரத்தையும் வள்ளுவர் வைத்திருக்கிறார். தன்கீழ் இருப்பவர்களை அஞ்சி நடுங்கச் செய்யாமல் இருப்பதையே ஆள்பவர்க்குரிய தனி இலக்கணமாக்கியிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்காரும் முதல் வாரத்தில் அந்தப் பத்துக் குறளையும் ஒரு முறை படித்துவிடுங்கள். யாரையாவது கண்டிக்க வேண்டியிருந்தால் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.