வண்டிக்கு ஒரு நிழல்

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பைக் பெரும்பாலும் வாசலில்தான் நிற்கிறது. சித்திரை வெயிலில் சீட்டு உறை வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக ஐப்பசி மழை உள்ளேயிருக்கும் பஞ்சில் இறங்கும். மழை விட்ட பிறகும் உட்கார்ந்தவுடன் வேட்டி நனைவது இதனால்தான்.

மழையில் வந்த வண்டியை அப்படியே பிளாஸ்டிக் உறையால் மூடிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றிச் செயின் துருப்பிடிக்கும். துடைத்து, எஞ்சின் சூடு ஆறிய பிறகு மூடுங்கள். காற்றுப் புகும் துணி உறையே என் தேர்வு.

ஒத்தக்கடை, திருமங்கலம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு வாசலில் கொஞ்சம் இடம் கிடைக்கும். மேற்கு வெயிலை மறைக்கிற மாதிரி தகரக் கூரை போடலாம். தரை தெருவைவிட உயரமாக இருக்கட்டும். மண் தரையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டு வையுங்கள். மழையில் மண் இளகினாலும் வண்டி சாயாது.

மாடிப்படிக்கு அடியில் நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர், சாமி விளக்கு எதுவும் அங்கே வேண்டாம். கதவு இருந்தால், அதன் அடிப்பகுதியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள்.