பழைய அலமாரிக்குப் புதுக் கடன் வேண்டாம்

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



"சமையல்கட்டு அலமாரி பழசாப் போச்சு, புதுசு செய்யக் கடன் வேணும்" என்று பல குழுக்களில் கேட்கிறோம். கடன் நம்ம உரிமைதான். ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய் வாங்கினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் முதல் மாத வட்டி மட்டும் 300 ரூபாய். அலமாரி அதைச் சம்பாதித்துத் தருமா?

முதலில் பலகையைத் தட்டிப் பார்ப்போம். பொத்தென்று உள்ளே போனால் கரையான். சுவர் ஈரத்தைச் சரிசெய்துவிட்டு, அந்தப் பலகையை மட்டும் மாற்றுவோம். கதவு தொங்கினால் கீலும் ஸ்குரூவும் மாற்றினாலே போதும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் பிரைமர் ஒரு கோட்டிங், எனாமல் பெயிண்ட் இரண்டு கோட்டிங் அடிப்போம்.

தேய்க்கும்போது மட்டும் கவனம் வேணும். பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அந்தத் தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் உலர்வாகத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்போம். பாத்திரம், அரிசி, பருப்பை முன்பே வெளியே எடுத்துவிடுவோம். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக் கூடாது. கடைசியில் ஈரத்துணியால் துடைப்போம்.

அலமாரி பளபளன்னு இருந்து, உள்ளே அரிசி டப்பா காலியா இருந்தா என்ன பயன்? கடனை ஆட்டுக்கும் தையல் மெஷினுக்கும் வைத்துக்கொள்வோம்.