வானத்தில் விட்ட வெற்றிடம்

இறந்தோரை நினைப்பதற்கு ஒவ்வொரு சமூகமும் தனக்கெனச் சில முறைகளை வகுத்துக்கொண்டுள்ளது. விளக்கேற்றுவோர் உளர், கல் நாட்டுவோர் உளர், பசித்தோர்க்கு அன்னமிடுவோர் உளர், ஆண்டுதோறும் ஓரிடத்திற் கூடி மௌனமாக நிற்போரும் உளர். ஆனால், தம் தோழர் எந்தச் செயலில் ஈடுபட்டபோது மாண்டனரோ, அதே செயலை மீண்டுஞ் செய்து அவரை நினைப்போர் மிகச் சிலரே. விமானத்திலிருந்து பரசூட் அணிந்து குதிப்பதை விளையாட்டாகக் கொண்டவர்கள் அத்தகையோர். தோழரை இழந்த பின்னர் அவர்கள் மீண்டும் ஒன்று கூடுகின்றனர். கூடியதோடு நில்லாது மீண்டும் வானேறிக் குதிக்கின்றனர். இஃது அன்பின் செயலா, அன்றி அறிவின்மையின் செயலா என்பது ஆராயத்தக்க வினா.

அவ்வினாவுக்கு விடை காணுமுன், அவ்விளையாட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1797ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அந்திரே ஜாக் கார்னெரின் என்னும் பிரெஞ்சுக்காரர், பாரிஸ் நகரின் மேலே பலூனிலிருந்து துணிக்குடையொன்றின் துணையோடு இறங்கினார். அன்று அது மக்கள் வியந்து நோக்கிய வேடிக்கை. பின்னர் அது விமானிகளின் உயிர் காக்குங் கருவியாயிற்று. போர் வீரரைக் களத்தில் இறக்குங் கருவியுமாயிற்று. இரண்டாவது உலகப் போரின் பின்னரே அது பெருமளவில் விளையாட்டாக வளர்ந்தது. இக்காலத்து வான்குதிப்போர் ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறுகின்றனர். குடையை உடனே விரிப்பதில்லை. ஏறக்குறைய ஒரு நிமிட நேரம், மணிக்கு 190 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் வெறும் உடலோடு வீழ்கின்றனர். அந்த ஒரு நிமிடத்துள் ஒருவரை ஒருவர் அணுகிக் கைகோத்து வட்டமாகின்றனர். பின்னர் கை நெகிழ்த்து, போதிய தொலைவு விலகி, தத்தம் குடையை விரிக்கின்றனர்.

இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தனியொருவனின் துணிவு மட்டும் இவ்விளையாட்டுக்குப் போதாது. அருகில் வருபவன் வேகங் குறையாது மோதினால் இருவருக்கும் கேடு. விலக வேண்டிய நேரத்தில் ஒருவன் விலகாவிடின் இன்னொருவனின் குடை விரியாது. ஆகவே ஒவ்வொருவரும் மற்றவரின் கையிலே தம் உயிரை வைத்தே குதிக்கின்றனர். அவர்களிடையே வளரும் தோழமை அதனாலேயே ஆழமானது. அத்தோழமை முறியும்போது ஏற்படும் புண்ணும் அவ்வளவு ஆழமானதே.

ஜேர்மனியில், ரைன் ஆறும் நெக்கார் ஆறும் கூடுமிடத்தில் மன்ஹைம் என்னும் நகரம் இருக்கின்றது. 1607ஆம் ஆண்டில் நகர உரிமை பெற்ற அது, 1982ஆம் ஆண்டிலே தன் முந்நூற்றெழுபத்தைந்தாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. அக்கொண்டாட்டத்தின் ஓரங்கமாக, நகரின் புறத்தே நொயொஸ்தைம் என்னும் பகுதியிலுள்ள விமானத் திடலில் விமானக் காட்சியொன்று ஏற்பாடாயிற்று. அதற்கு வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரிலிருந்தும் பிரான்ஸ் நாட்டின் தூலோன் நகரிலிருந்தும் வான்குதிப்போர் விருந்தினராக வந்தனர். இரண்டும் மன்ஹைமுடன் உடன்பிறப்பு நகரங்கள் என உறவு பூண்டவை.

இவ்வுறவின் பின்னணி எண்ணத்தக்கது. 1941ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, தொடர்ந்து மூன்று இரவுகள் ஜேர்மன் விமானங்கள் ஸ்வான்சி நகரின் மீது குண்டு பொழிந்து அதன் நடுப்பகுதியை எரித்தன. மன்ஹைமோ பிரித்தானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு மீண்டும் மீண்டும் ஆளாகிப் பெரிதும் அழிந்தது. தூலோன் துறைமுகத்திலே, 1942ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஜேர்மானியர் கையிற் சிக்கலாகாது என்று பிரெஞ்சுக் கடற்படையினர் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்தனர். இவ்வாறு ஒன்றையொன்று பகைத்தெரித்த நாடுகளின் நகரங்கள், போர் முடிந்தபின் பகை மறந்து கை நீட்டின. ஸ்வான்சியும் மன்ஹைமும் 1957ஆம் ஆண்டிலே உறவு பூண்டன. தந்தையர் காலத்தில் அந்நகரங்களின் வானத்திலிருந்து விழுந்தவை குண்டுகள். மைந்தர் காலத்திலோ, அதே வானத்திலிருந்து மூன்று நகரத்து இளைஞர் கைகோத்து இறங்கவிருந்தனர்.

அன்று 1982ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11ஆந் திகதி, சனிக்கிழமை. பலர் கைகோக்கும் மிகப் பெரிய வட்டமொன்றை வானில் அமைத்துக் காட்டுவது அவர்களின் நோக்கம். அவர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்கத் தரைப்படைக்குரிய சினூக் என்னும் பெரிய ஹெலிகொப்டர் ஒன்று அமர்த்தப்பட்டது. அது வானிலெழுந்தது. கீழே பெருந்திரளான மக்கள் அண்ணாந்து நோக்கியிருந்தனர். அவருள் மேலே சென்றோரின் உறவினரும் நண்பரும் இருந்தனர். ஆனால், குதிக்க வேண்டிய உயரத்தில் ஒருவரும் குதிக்கவில்லை. ஹெலிகொப்டர் திரும்பி நிலத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது. நிலத்தை அணுகும் வேளையில், பார்த்திருந்தோரின் கண்ணெதிரிலேயே அது சிதறி, திடலை அடுத்த நெடுஞ்சாலையில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 46 பேரும் மாண்டனர். பிரெஞ்சுக்காரர் 23 பேர். பிரித்தானியர் 9 பேர். ஜேர்மானியர் 6 பேர். அமெரிக்கர் 8 பேர். வானிலிருந்து வீழ்வோரைக் காக்கும் குடையை முதுகிலே சுமந்திருந்தவர்கள், அக்குடை விரிவதற்குரிய உயரம் இல்லாமையால் மடிந்தனர்.

காரணம் யாது என ஆராய்ந்தவர்கள் கண்டது வியப்புக்குரியது. சினூக் ஹெலிகொப்டருக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு சுழலிகள் உண்டு. அவற்றின் அலகுகள் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று புகுந்து சுழல்வன. ஒன்றோடொன்று மோதாதிருக்க, பற்சில்லுகளாலும் தண்டுகளாலும் அவை ஒரே ஒழுங்கில் இணைக்கப்பட்டுள்ளன. அப்பொறிகளைத் துப்புரவாக்குவதற்கு வால்நட் என்னும் கொட்டையின் ஓட்டைப் பொடித்த துகள் அக்காலத்திற் பயன்பட்டது. உலோகத்தைச் சுரண்டாது அழுக்கை மட்டும் அகற்றும் தன்மை அதற்குண்டு. அத்துகளின் எச்சம் முற்றாகக் கழுவப்படாது உள்ளே தங்கிவிட்டது. அஃது எண்ணெய் செல்லும் நுண்ணிய துவாரங்களை அடைத்தது. எண்ணெய் பெறாத பொறியுறுப்பு தேய்ந்து முறிந்தது. சுழலிகளின் ஒழுங்கு குலைந்தது. துப்புரவுக்கென இட்ட பொருளே நாற்பத்தாறு உயிர்களுக்குக் காலனாயிற்று. அத்துகளைக் கொண்டு துப்புரவு செய்யும் முறை பின்னர் கைவிடப்பட்டது.

அந்நெடுஞ்சாலையின் அருகே இன்று ஒரு நினைவுச் சின்னம் உண்டு. மாண்டோரின் உறவினரும் அவரோடு குதித்துப் பழகிய தோழரும் ஆண்டு நிறைவுகளில் அவ்விடத்தில் மலர் வைத்து வணங்குகின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காவிடினும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பு அதிகம் வேண்டியதில்லை. கொண்டாட்டத்துக்கு அழைத்த நகரம் பிணப்பெட்டிகளை அனுப்ப நேர்ந்தும், அழைக்கப்பட்ட நகரங்கள் அந்த உறவை அறுத்துக்கொள்ளவில்லை. மகிழ்ச்சியின் பொருட்டுத் தொடங்கிய உறவு துயரத்தையுந் தாங்கிற்று என்பது சிறிய காரியமன்று.

இத்தகைய கூட்டங்களிலே வான்குதிப்போர் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்றுண்டு. கைகோத்து வட்டம் அமைக்கும்போது, மாண்ட தோழன் இருந்திருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். இருபுறமும் உள்ளோர் அவ்விடத்தை நோக்கிக் கை நீட்டியபடியே இறங்குவர். சிலவேளை, மாண்டவரின் சாம்பலைத் தம்மோடு எடுத்துச் சென்று வானத்திலே தூவுவதும் உண்டு. மேடைப் பேச்சும் புகழுரையும் சொல்ல இயலாத ஒன்றை அந்த வெற்றிடம் சொல்லிவிடுகின்றது.

எனினும், மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். மகனை இழந்த தாயொருத்தி அக்கூட்டத்திலே நின்று மேலே நோக்குகின்றாள் எனக் கொள்வோம். தன் மகனை விழுங்கிய அதே வானத்துள் அவனுடைய தோழர் மீண்டும் பாய்வதை அவள் எவ்வாறு ஏற்பாள்? இன்னொரு தாயைத் தன்னைப் போலாக்கவா இவர்கள் மீண்டும் ஏறுகின்றனர் என்று அவள் கேட்டால், அக்கேள்வியைத் தட்டிவிட முடியாது. ‘அவன் விரும்பிய செயலிலேயே மாண்டான்’ என்னும் ஆறுதல் மொழி இத்தகைய இடங்களிற் பெரிதும் வழங்குகின்றது. அஃது ஓரளவே உண்மை. மன்ஹைமில் மாண்டோர் விரும்பியது குதித்தலை. கொட்டைத் துகளால் அடைபட்ட எண்ணெய்த் துவாரத்தை அன்று. தவிர்த்திருக்கக் கூடிய தவற்றை விதியென்று போர்த்தி மூடுவது மாண்டோருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இதனை வேறிரு நிகழ்ச்சிகளும் வலியுறுத்துகின்றன. 1967ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் 27ஆந் திகதி, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, பழைய போர் விமானமொன்றிலிருந்து 18 பேர் மேகப் படலத்தின் மேலே குதித்தனர். கீழே தம் விமானத் திடல் உள்ளதென அவர்கள் நம்பினர். தரையிலிருந்து வழிகாட்டியவர் அருகிற் பறந்த வேறொரு சிறு விமானத்தை இவ்விமானமென மயங்கிவிட்டார். மேகத்தைக் கடந்தபோது அவர்கள் கண்டது ஈரி என்னும் பேரேரியின் நீர்ப்பரப்பு. 16 பேர் மூழ்கி மாண்டனர். இருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டனர். மேகத்தினூடே குதித்தலாகாது என்னும் விதி முன்னரே இருந்தது. தரையிலிருந்தவரின் மயக்கமும் விதியைப் புறக்கணித்த ஆர்வமும் ஒருங்கு சேர்ந்து அத்தீங்கை விளைத்தன.

மற்றையது, 1992ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 22ஆந் திகதி, கலிபோர்ணியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. 22 பேரோடு எழுந்த விமானமொன்று மேலேறும்போதே விழுந்து நொறுங்க, 16 பேர் மாண்டனர். எரிபொருளிலே நீர் கலந்திருந்தமையால் ஓர் இயந்திரம் வலுவிழந்தது. அந்த நெருக்கடியிலே விமானி பழுதுறாத மற்றை இயந்திரத்தின் சுழலியைச் செயலறச் செய்துவிட்டார். புறப்படுமுன் எரிபொருளிற் சிறிதை வடித்துப் பார்த்திருந்தால் நீர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதற்குச் செல்லும் நேரம் சில நிமிடங்களே. உயிர் தப்பிய அறுவருள் ஒருவரான டான் பிரொட்ஸ்கி சென்ஃபெல்ட், கழுத்து முறிந்து ஏறத்தாழ ஆறு வாரம் நினைவிழந்து கிடந்தார். நினைவு திரும்பியபோது, தம் அணித் தோழன் மாண்ட செய்தி அவருக்குக் காத்திருந்தது. இனிக் குதித்தல் இயலாது எனக் கூறப்பட்டும் அவர் மீண்டு எழுந்தார். புதிய அணியோடு உலகப் போட்டிகளில் வாகை சூடினார். தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார். அவருடைய மீட்சி போற்றத்தக்கது. ஆனால், அதனினும் பரந்த பயன் வேறொன்றில் விளைந்தது. விமானம் மேலேறும்போது இருக்கைவார் பூட்டுவதை வான்குதிப்போர் அதுவரை பெரிதாகக் கருதியதில்லை. அவ்விபத்தின் பின்னர் அப்பழக்கம் அவர்களிடையே வேரூன்றிற்று. இன்று வானேறும் இளைஞன் இடையிலே பூட்டும் வாரில், பெரிஸில் மாண்டோரின் நினைவு உண்டு. அவன் அவர்களின் பெயரை அறியாதிருக்கலாம். எனினும் அவர்களுக்குக் கடன்பட்டவனே.

ஒரு துகள், ஒரு துளி, ஒரு முகில்: இம்மூன்றும் எளிய பொருள்கள். பெருமலை சரிந்து இவர்கள் மாளவில்லை. அச்சாணி கழன்ற தேர் போலச் சிறியதொன்றின் குறையாலேயே வீழ்ந்தனர். சிறியவற்றைக் காக்கும் கடமையோ பெரும்பாலும் புகழற்ற மனிதரின் கையில் இருக்கின்றது. பொறியைக் கழுவுபவரும், எரிபொருளை வடித்துப் பார்ப்பவரும், தரையிலே கண்விழித்திருப்பவரும் வானத்து வட்டத்திலே தோன்றுவதில்லை. ஆயினும் அவ்வட்டத்தின் ஒவ்வொரு கையும் அவர்களின் கையோடும் கோக்கப்பட்டதே.

ஆகவே முன்னர் எழுந்த வினாவுக்கு விடை இவ்வாறு அமையும். மாண்ட தோழரை நினைந்து கூடுவது நன்று. மீண்டும் குதிப்பதும் அச்சத்தால் வாழ்வை முடக்கிக்கொள்ளாமைக்கு அறிகுறியாகுமாயின் தவறன்று. ஆனால், குதிக்குமுன் பொறியை ஒருமுறைக்கு இருமுறை சோதிப்பவனும், மேகம் மூடியிருக்கக் கண்டு ‘இன்று வேண்டாம்’ என்று கீழே இறங்கிவருபவனுமே அந்நினைவுக்கு உரியவராவர். துயருற்ற தாய்க்கு அளிக்கத்தக்க மறுமொழியும் அதுவே. ‘உன் மகன் எதனால் இறந்தானோ அதனால் இன்னொருவன் இறவாதிருக்கக் காவல் செய்கின்றோம்’ என்று சொல்லக்கூடியவர்கள் அவள் முன்னே தலைநிமிர்ந்து நிற்கலாம்.

வான்குதிப்போர் மிகச் சிலர். ஆனால் கடலிலே தோணியோட்டுவோரும், மலைப்பாதையிலே பேருந்து செலுத்துவோரும், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைப்போரும் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களுக்கும் இழந்த தோழர் உளர். நினைவு நாட்களும் உள. மலர் வாடும், பேச்சு மறையும். அந்நாளில் ஒரு கயிற்றைப் புதிதாக மாற்றினாலும், ஒரு தடுப்பானைச் சீர் செய்தாலும், ஒரு விதியை உறுதியாகக் கைக்கொண்டாலும், அந்த நினைவஞ்சலி உயிருள்ளோரைக் காத்து நிற்கும்.